கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு வேலை

1920ஆம் ஆண்டு கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திலிருந்து வந்து சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற பிரெடெரிக் ஹென்றி கிரேவ்லி, படிப்பாலும் பழக்கத்தாலும் ஒரு பூச்சிக்காரர். சிலந்திகள், மக்கிய மரத்துக்குள் குடும்பம் நடத்தும் ஒருவகை வண்டுகள், இவைதாம் அவருடைய துறை. இருபது ஆண்டுக் காலம் எழும்பூரில் அந்த நாற்காலியில் இருந்தார். அந்தக் காலத்தில் அவர் பெயர் தாங்கி வந்த வெளியீடுகளின் வரிசை கொஞ்சம் தலைசுற்ற வைப்பது. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றி ஒன்று, நம் ஊர் வறண்ட நிலங்களில் முளைக்கும் கள்ளிமுளையான் இனச் செடிகள் பற்றி ஒன்று, டி. என். ராமச்சந்திரனோடு சேர்ந்து தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளுக்கு ஓர் அட்டவணை, சிற்ப சாத்திரங்கள் சொல்லும் மூன்று கோயில் பாணிகள் பற்றி ஒரு சிறுநூல். 1940இல் ஓய்வு பெற்றதை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் சிப்பிகள், சங்குகள் பற்றி எழுதினார். இத்தனைக்கும் நடுவில் பக்கத்துக் கட்டடமான கன்னிமரா நூலகத்தின் தலைமை நூலகரும் அவர்தான். சிலந்தி ஆராய்ச்சியாளர் ஒருவர் நடராசர் சிலைகளைப் பட்டியலிடுகிறார் என்றால், அவர் பார்த்தது என்ன உத்தியோகம்?

அருங்காட்சியகம் என்றதும் நமக்குத் தோன்றுவது கண்ணாடிப் பெட்டிகள். பாடம் செய்த புலி, திமிங்கில எலும்புக்கூடு, வரிசையில் போகும் பள்ளிப் பிள்ளைகள், ‘தொடாதீர்கள்’ பலகை. இதை வைத்துப் பார்த்தால் காப்பாட்சியர் என்பவர் தூசு தட்டுகிற மேற்பார்வையாளர், இயக்குநர் என்பவர் சீட்டு விற்பனைக்கும் விழாவுக்கும் பொறுப்பான அதிகாரி. அரசாங்கங்களும் பெரும்பாலும் இப்படித்தான் நினைக்கின்றன. ஆட்குறைப்பு என்று வந்தால் முதலில் கைவைப்பது இந்தப் பணியிடங்களில்தான். ஆனால் ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மக்கள் பார்ப்பது சேகரிப்பின் சிறு பகுதியை. பெரும்பகுதி, பூட்டிய அறைகளில் இழுப்பறைகளிலும் சீசாக்களிலும் இருக்கிறது. ஒரு நிலத்தில் ஒரு காலத்தில் என்ன உயிர் வாழ்ந்தது என்பதற்கு மறுக்க முடியாத சாட்சியம் அதுதான். அதைச் சேர்ப்பதும், சிதையாமல் காப்பதும், கேள்வி கேட்டு வருகிறவருக்கு எடுத்துக் கொடுப்பதுமே இந்த வேலையின் உயிர்நாடி. அந்த அறைக்குள் வேலை பழகாத ஒருவரிடம் நிறுவனத்தின் தலைமையைக் கொடுப்பது பெரும்பாலும் நட்டத்தில்தான் முடியும் என்பது என் வாதம்.

வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு பறவை செத்துக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் காட்சிக்கு நிறுத்துவதானால் கண்ணாடிக் கண் பதித்து, சிறகு விரித்து, கிளையில் உட்கார்த்துவார்கள். ஆய்வுக்கானால் அந்த அலங்காரம் எதுவும் இல்லை. தோலை உரித்து, உள்ளே பஞ்சு திணித்து, தைத்து, மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவார்கள். காலில் ஒரு சீட்டு: எந்த ஊர், எந்தத் தேதி, கடல்மட்டத்திலிருந்து எத்தனை உயரம், ஆணா பெண்ணா, எடை என்ன, எடுத்தவர் யார். வண்டானால் வலது முன்னிறகின் வழியாக ஊசி குத்தி, அதே ஊசியில் கீழே சீட்டைக் கோக்க வேண்டும். மீன், தவளை, பாம்பு என்றால் ஃபார்மலினில் இறுக வைத்துப் பிறகு சாராயத்துக்கு மாற்ற வேண்டும். சீசாவுக்குள் போடும் சீட்டின் மை சாராயத்தில் கரையக் கூடாது. எத்தனை இறுக்கமாக மூடினாலும் சாராயம் மெல்ல ஆவியாகும். யாராவது ஆண்டுதோறும் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரக்காற்று பூஞ்சையைக் கொண்டுவரும். தோலையும் இறகையும் தின்னும் சிறு வண்டுகளின் புழுக்கள், கவனிக்க நாதியில்லாத ஓர் அலமாரிக்குள் ஒருமுறை புகுந்துவிட்டால் சில பருவங்களில் நூறாண்டுச் சேகரிப்பைப் பொடியாக்கிவிடும். முன்பு அந்துருண்டை போட்டார்கள், அதற்கும் முன்பு தோலில் ஆர்சனிக் தடவினார்கள். பழைய மாதிரிகளைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். இப்போது உறைபெட்டியில் வைத்துப் புழுவைக் கொல்கிறார்கள். இவற்றில் எதுவும் திறப்பு விழா நடத்தக்கூடிய வேலை இல்லை. ஐந்தாண்டு செய்யாமல் விட்டால் மட்டும் தெரியும்.

இந்தச் சீட்டின் மதிப்பை முழுதாக உணர்ந்திருந்த ஓர் இயக்குநர் உண்டு. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பு விலங்குகள் அருங்காட்சியகம் 1908இல் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரான ஜோசப் கிரின்னல், 1939இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். எலி, அணில், குருவி என்று சாதாரணப் பிராணிகளைத்தான் தேடித் திரிந்தார். ஆனால் எந்தச் சரிவில், எந்த உயரத்தில், எத்தனை பொறி வைத்து எத்தனை கிடைத்தன, எது கிடைக்கவில்லை என்பதுவரை தினமும் குறிப்பேட்டில் எழுதினார், தன்னிடம் வேலை பார்த்தவர்களையும் எழுத வைத்தார். தாங்கள் சேர்ப்பவற்றின் உண்மையான மதிப்பு ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் தெரியும் என்று 1910இலேயே சொன்னவர் அவர். கணிப்பு ஏறக்குறையப் பலித்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே அருங்காட்சியகத்தார் அவருடைய குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு யோசெமிட்டி மலைப்பகுதியில் அதே இடங்களுக்குப் போனார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, அவர்கள் கவனித்த 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதி, சராசரியாக 500 மீட்டர் அளவுக்கு மேட்டை நோக்கி இடம்பெயர்ந்திருந்தன. நிலம் சூடாவதற்கு ஒத்த மாற்றம் அது. கிரின்னல் காலத்தில் புவி வெப்பமாதல் பெரிதாகப் பேசப்படவில்லை. எந்தக் கேள்வி வரும் என்று தெரியாமலே விடைக்கான ஆதாரத்தைச் சேர்த்து வைத்திருந்தார்.

பறவை முட்டை விவகாரமும் இதே வகைதான். பிரிட்டனில் ஒரு காலத்தில் காட்டுப் பறவைகளின் முட்டையைத் திருடிச் சேர்ப்பது கனவான்களின் பொழுதுபோக்கு. இன்று சட்டப்படி குற்றம், நியாயமும் அதுவே. ஆனால் அந்தச் சேகரிப்புகள் பலவற்றில் முட்டை எடுத்த தேதியும் இடமும் இருந்தன. 1960களில் பொரி வல்லூறு அருகிவருவதற்குக் காரணம் தேடிய டெரெக் ராட்கிளிஃப் அந்த முட்டை ஓடுகளை எடுத்து நிறுத்துப் பார்த்தார். அரை நூற்றாண்டு மாறாதிருந்த ஓட்டின் எடை, 1940களின் பிற்பகுதியில் சட்டென்று இறங்கியிருந்தது. டிடிடி பூச்சிமருந்து வயல்களுக்கு வந்த காலமும் அதுவே. ஓடு மெலிந்து, தாய்ப்பறவை அடைகாக்க உட்கார்ந்தபோதே முட்டை உடைந்தது. 1967இல் வந்த இந்தக் கட்டுரை, பல நாடுகளில் அந்த மருந்துக்குத் தடை வருவதற்கு வழிசெய்த சான்றுகளில் ஒன்று. தேதிச் சீட்டு தொலைந்துபோயிருந்தால் அத்தனை முட்டைகளும் வெறும் ஓடுகள்.

நம் கடற்கரைக்கு வருவோம். கிரேவ்லிக்கு முன்னால் எழும்பூரில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், இராமேசுவரத்துக் கடல் உயிரினங்கள் பற்றி 1887இல் ஓர் அறிக்கை எழுதினார். பிறகு முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் பற்றி எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து, 1927இல், கிரேவ்லியும் கூட்டாளிகளும் குருசடைத் தீவின் கரையைச் சுற்றி வாழ்ந்தவற்றை இனம் இனமாகப் பட்டியலிட்டு அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். இன்று அந்தத் தீவு மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளப் பாறையை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரும்பங்கு உண்டு என்பது ஆய்வாளர்களின் கருத்து. இழந்தது எவ்வளவு என்று யாராவது கணக்கெடுக்கப் புகுந்தால், ‘முன்பு என்ன இருந்தது’ என்ற முதல் வரிக்கு அந்த 1927ஆம் ஆண்டு வெளியீட்டுக்குத்தான் போக வேண்டும். பெயர்ப்பட்டியல் மட்டும் போதாது. பெயர் சரிதானா என்று ஐயம் வந்தால் சீசாவைத் திறந்து பார்க்க வேண்டும். பட்டியலை எழுதியவருக்குப் பின் வந்தவர்கள் சாராயம் ஊற்றிக்கொண்டே வந்திருந்தால்தான் அதுவும் முடியும்.

இதுவரை சொன்னது காப்பாட்சியரின் பெருமை. இயக்குநருக்கும் இதுவே தகுதியாக வேண்டுமா என்று கேட்கலாம். ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பணம் திரட்டவும், அமைச்சரைப் பார்க்கவும், ஒப்பந்தக்காரரோடு மல்லுக்கட்டவும் தெரிந்த நிர்வாகி வேண்டும், சிலந்திக்காரர் எதற்கு? இந்த மறுப்பில் வலு உண்டு. ஆராய்ச்சியில் மூழ்கிக் கோப்புகளைக் கிடப்பில் போட்ட இயக்குநர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். மக்களை இழுப்பதும் ஒரு திறமைதான். 1851இல் சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்ட் பால்ஃபோர் அதில் கெட்டிக்காரர். உயிருள்ள விலங்குகளை வைத்தால் கூட்டம் வரும் என்று கண்டு, 1855இல் வளாகத்துக்குள்ளேயே ஒரு விலங்குக்காட்சியைத் தொடங்கினார். பின்னாளில் அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூர் சேர்ந்தது. சென்னைவாசிகள் அதை ‘உயிர் காலேஜ்’ என்றும் எழும்பூரைச் ‘செத்த காலேஜ்’ என்றும் அழைத்தது ஊரறிந்தது. ஆனால் நிர்வாகத் திறமையும் சேகரிப்பு அறிவும் ஒன்றையொன்று விலக்குபவை என்று யார் சொன்னது? இந்த நிறுவனங்களில் இயக்குநர் எடுக்கும் முக்கியமான முடிவுகள் பலவும் சேகரிப்பைப் பற்றியவை: எந்த அறையில் எது இருக்கட்டும், எந்தக் காப்பாட்சியர் இடத்தை முதலில் நிரப்புவது, நிதி குறைந்தால் எதை வெட்டக் கூடாது.

பிரேசில் இதற்கு ஒரு கொடுமையான சாட்சி. 2018 செப்டம்பர் 2 அன்று இரவு ரியோ நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் தீப்பிடித்தது. சுமார் 2 கோடிப் பொருள்கள் கொண்ட சேகரிப்பில் பெரும்பகுதி சாம்பலானது. பராமரிப்பு நிதியை ஆண்டுக்கணக்கில் குறைத்திருந்தார்கள். தீயணைப்பு வண்டிகள் வந்தபோது அருகிலிருந்த குழாய்களில் தண்ணீர் இல்லை. தப்பியவை எவை? முதுகெலும்பு விலங்குகளின் சேகரிப்பும் உலர்தாவரச் சேகரிப்பும். அவற்றை முன்பே தனிக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். எளிதில் தீப்பற்றும் சாராயச் சீசாக்களைப் பிரதானக் கட்டடத்தில் வைக்கக் கூடாது என்பதை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்து தனிக் கட்டடம் கட்டினார்கள். ரியோ தீவிபத்துக்கு இரண்டாண்டு முன்பு, 2016 ஏப்ரல் 26 அன்று, டெல்லியில் வாடகைக் கட்டடத்தில் இயங்கிவந்த நம் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் எரிந்துபோனது. பிரேசிலுக்காக உலகம் அழுதது. நாம் டெல்லியை மறந்துவிட்டோம்.

நல்ல தலைமையால் கிடைக்கும் இன்னொரு பலன் எளிதில் கண்ணுக்குத் தெரியாது: ஆட்களை உருவாக்குவது. கிரேவ்லி காலத்தில், 1930இல், செப்புத் திருமேனிகளில் படரும் களிம்பு நோயை நீக்குவதற்காக எழும்பூரில் ஒரு வேதியியல் ஆய்வகம் வந்தது. அதில் அமர்ந்த எஸ். பரமசிவன் பின்பு தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களை ஆராய்ந்தார். மானிடவியல் காப்பாட்சியராக இருந்த ஏ. ஐயப்பன் கிரேவ்லிக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தார். அதில் முறையாக அமர்ந்த முதல் இந்தியர் அவர். கிரேவ்லியோடு சேர்ந்து கோயில் கட்டடக்கலை பற்றி எழுதிய சி. சிவராமமூர்த்தி டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆனார். பூச்சி பார்க்கப் பழகிய கண் சிலைக்கும் உதவியது என்றே நினைக்கிறேன்: எந்தப் பொருளானாலும் உற்றுப் பார், அளவெடு, எங்கிருந்து வந்தது என்று எழுதிவை, ஒப்பிடு. தன் துறை இல்லாத ஒன்றிலும் திறமையை அடையாளம் காண அந்தப் பழக்கம் போதுமானதாக இருந்தது. இன்று தமிழ்நாட்டில் அருங்காட்சியகங்கள் துறையின் தலைமையில் ஐ.ஏ.எஸ். அதிகாரியை அமர்த்துவது வழக்கமாகிவிட்டது. அவர்களில் ஆர்வத்தோடு கற்று நன்றாகச் செய்தவர்கள் உண்டு. ஆனால் இட மாறுதல் எப்போது வருமோ என்ற நிலையில் இருக்கும் ஒருவரிடம், நூறாண்டு கழித்துப் பலன் தரும் வேலையை எதிர்பார்ப்பது அவருக்கே நாம் செய்யும் அநியாயம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. கையளவு கைபேசியில் துல்லியமான படம் எடுக்கலாம், ஓர் இறகிலிருந்து மரபணுவைப் பிரிக்கலாம். இந்தக் காலத்தில் உயிரைக் கொன்று இழுப்பறையில் அடுக்குவது எதற்கு? இதில் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அருணாசலப் பிரதேசத்தில் கண்டறிந்த புகுன் லியோசிக்லா என்ற சிறு பறவையை 2006இல் ரமணா ஆத்ரேயா அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது ஒன்றைக்கூடக் கொல்லவில்லை. எண்ணிக்கை அத்தனை குறைவு என்பதால், பிடித்து, படமெடுத்து, உதிர்ந்த இறகுகளை வைத்துக்கொண்டு பறக்கவிட்டுவிட்டார். சரியான முடிவு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முன்புபோல் சுட்டுத் தள்ளிச் சேர்க்க யாராலும் முடியாது, முடியவும் கூடாது. ஆயினும் சாலையில் அடிபட்ட பாம்பு, கரை ஒதுங்கிய ஆமை, கட்டடக் கண்ணாடியில் மோதி விழுந்த பறவை இவையெல்லாம் தினமும் குப்பைக்குப் போகின்றன. அவற்றைச் சேர்க்கவும் ஆளும் அனுமதியும் வேண்டும். படத்தைப் பற்றிச் சொன்னால், படம் எடுத்தவர் எதைக் கேட்டாரோ அதற்குத்தான் அது பதில் சொல்லும். முட்டையின் படத்தைத் தராசில் வைக்க முடியாது. ஏற்கெனவே சேர்ந்து கிடப்பவற்றைக் காப்பதற்கோ புதிதாக ஓர் உயிரைக்கூடக் கொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மேலே முத்துக்குளிப்புக்காகக் குறிப்பிட்ட அதே தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து சாதிவாரியாகப் பட்டியல் போட்டவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் அந்த அளவுகள் இருக்கின்றன. மூக்கின் அகலத்தில் குலத்தைத் தேடிய அந்த அறிவியல் போலி அறிவியல், ஆள்பவர்களின் வசதிக்கானது. வண்டுக்குக் குத்திய சீட்டை மனிதருக்கும் குத்தலாம் என்ற துணிவு அருங்காட்சியகத்துக்குள்ளிருந்தே வந்தது என்பதை இந்தத் தொழிலைப் புகழ்கிறவர்கள் மறைக்கக் கூடாது. தென்னிந்தியக் காடுகளில் எடுத்த பாம்பு, தவளை மாதிரிகளில் பெயர் சூட்டுவதற்கு அடிப்படையான பல இன்னும் லண்டனில் இருக்கின்றன. நம் ஆய்வாளர் அவற்றைப் பார்க்க விசா வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் இதிலிருந்து வர வேண்டிய முடிவு, அருங்காட்சியகத்தைக் கைவிடுவது ஆகாது. தர்ஸ்டன் என்ன அளந்தார், எப்படி அளந்தார் என்று இன்று விசாரிக்க முடிகிறது என்றால் அவர் எழுதி வைத்ததும், அதை யாரோ காத்து வைத்ததும்தான் காரணம். வெளிநாட்டில் இருப்பதைத் திருப்பிக் கேட்பதானாலும், இங்கே பாதுகாப்பாக வைக்க இடமும் ஆளும் உண்டு என்று காட்டினால்தான் அந்தக் கோரிக்கைக்கு வலு வரும்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் இளைஞருக்குத் தமிழ்நாட்டில் வழி என்னவோ இருக்கிறது. விலங்கியல், தாவரவியல், மானிடவியல் போன்ற துறைகளில் முதுகலை முடித்தவர்கள் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியே காப்பாட்சியராகலாம். பதவி உயர்வு மெதுவாக வரும், பேர் பெரிதாக வராது. பணியிடத்துக்கே உத்தரவாதம் இல்லை என்பதற்குச் சாலிம் அலியைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். 1926இல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளராகச் சேர்ந்தார். மேற்பயிற்சிக்கு பெர்லின் போய்த் திரும்பியபோது, நிதியில்லை என்று அந்தப் பணியிடத்தையே நீக்கியிருந்தார்கள். அவர் கீஹிம் கிராமத்தில் தங்கித் தூக்கணாங்குருவி பார்த்தார், பின்னர் இந்தியப் பறவையியலே அவர் பெயரால் அறியப்பட்டது. எல்லாருக்கும் அப்படி ஒரு கீஹிம் கிடைக்காது. அரசு செய்ய வேண்டியது அதிகமில்லை: காலியான காப்பாட்சியர் இடங்களைக் காலியாகவே வைக்காமல் நிரப்பட்டும், சேகரிப்பின் முழுப் பட்டியலை இணையத்தில் வெளியிடட்டும், தலைமைப் பதவிக்குச் சேகரிப்பில் பழகியவரைத் தேர்ந்து குறைந்தது பத்தாண்டாவது அங்கேயே இருக்க விடட்டும். மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போகும் வாசகர்களும் ஒன்று செய்யலாம். பெட்டியில் இருப்பதைப் பார்த்துவிட்டு வரும் வழியில், இங்கே உயிரினங்களைக் கவனிக்கும் காப்பாட்சியர் யார் என்று அலுவலகத்தில் கேளுங்கள். ஆள் இல்லை என்று பதில் வந்தால், உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.